ஊருக்குப் போகும்போது: டெங்குக் காய்ச்சலும் விசர்நாய்க்கடியும்

பாடசாலை விடுமுறை நெருங்கும் வாரங்களில் எமது சிகிச்சை நிலையத்துக்கு வரும் தமிழ்க் குடும்பங்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள். "டொக்டர், ஊருக்குப் போறம். பிள்ளையளுக்கு மலேரியாக் குளிசை எழுதித் தருவீங்களோ?" இலங்கைக்கு மட்டும் போகிறவர்களுக்கு இப்போது அந்தக் குளிசை தேவையில்லை. 2016 செப்டம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடு என்று சான்றளித்தது. வன்னிக்குப் போய் வந்தாலே நடுக்கக் காய்ச்சல் வரும் என்று வீட்டில் பயந்த தலைமுறையைச் சேர்ந்த எமக்கு இது சின்ன விடயமாகத் தெரியவில்லை. இந்தியாவுக்கும் போய்க் கோவில்கள் பார்த்துவிட்டு வர எண்ணுகிறவர்கள் மட்டும் அதைப் பற்றித் தனியாகக் கேட்டறிந்து கொள்ள வேண்டும்.

ஆனால் கேட்க வேண்டிய இரண்டு நோய்களைப் பற்றி அநேகமாக எவரும் கேட்பதில்லை. ஒன்று நுளம்பு பரப்பும் டெங்குக் காய்ச்சல். மற்றது நாய்க்கடியால் வரும் நீர்வெறுப்பு நோய், அதாவது ஊரில் நாம் விசர்நாய்க்கடி என்று சொல்வது. இரண்டும் வைரசு நோய்கள். இரண்டுக்கும் நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்துகளால் பயனில்லை. இரண்டிலும் எப்போது வைத்தியரிடம் போகிறோம் என்பதே பெரும்பாலும் முடிவைத் தீர்மானிக்கின்றது.

மிருகங்களிடமும் பூச்சிகளிடமும் இருந்து மனிதருக்கு வரும் வைரசுக்கள் என்றதும் செய்தித்தாள்களில் வந்த பெயர்களே பலருக்கு நினைவுக்கு வரும். 1998-99இல் மலேசியாவில் பழந்தின்னி வௌவால்களிடமிருந்து பன்றிகளுக்கும், பன்றிகளிடமிருந்து பண்ணைத் தொழிலாளருக்கும் பரவி 100க்கு மேற்பட்டோரைக் கொன்ற நிப்பா வைரசு, 2018இல் கேரளத்தின் கோழிக்கோட்டில் மீண்டும் தலைகாட்டியது. இவை பயங்கரமானவைதான். என்றாலும் லண்டனிலிருந்து நான்கு கிழமைக்கு ஊர் போகும் ஒரு பிள்ளைக்கு நிப்பா தொற்றுவதற்கான வாய்ப்பு மிக மிகக் குறைவு. அம்மம்மா வீட்டு வளவில் கிடக்கும் சிரட்டையில் பிறந்த நுளம்பும், ஒழுங்கை முகப்பில் வாலாட்டிக்கொண்டு நிற்கும் நாய்க்குட்டியுமே அந்தப் பிள்ளையின் உண்மையான ஆபத்துக்கள்.

இந்த இரு நோய்களுக்கும் பொதுவான ஒரு குணம் உண்டு. ஆபத்து மிகுந்த நேரத்தில் எல்லாம் சரியாகிவிட்டது போலத் தோன்றும். டெங்கில் அது காய்ச்சல் விடும் நேரம். விசர்நாய்க்கடியில் அது காயம் ஆறிய பின் வரும் அமைதியான வாரங்கள்.

டெங்கு: பகலில் கடிக்கும் நுளம்பு

டெங்கு வைரசைப் பரப்புவது ஈடிஸ் இன நுளம்பு. கறுப்பு உடலிலும் கால்களிலும் வெள்ளைக் கோடுகள் இருக்கும். மலேரியா நுளம்பைப் போல் இரவில் கடிப்பதை விட, விடிந்த பின் சில மணி நேரமும் பொழுது சாயுமுன் சில மணி நேரமும் கடிப்பதே இதன் வழக்கம். ஆகவே இரவில் மட்டும் நுளம்பு வலை கட்டிப் படுத்தால் போதாது. காலையில் கிணற்றடியில் குளிக்கும்போதும் பின்னேரம் முற்றத்தில் விளையாடும்போதும்தான் பிள்ளைகள் கடி வாங்குகிறார்கள்.

இந்த நுளம்பு சாக்கடையைத் தேடிப் போவதில்லை. வீட்டைச் சுற்றித் தேங்கும் கொஞ்சத் தண்ணீரே அதற்குப் போதும். சிரட்டை, பழைய ரயர், பூச்சாடித் தட்டு, தயிர்ச் சட்டி, குளிர்சாதனப் பெட்டியின் பின்புறத் தட்டு எல்லாம் இதன் பிள்ளைப்பேற்று விடுதிகள். யாழ்ப்பாணக் குடாநாட்டில் கரையோரங்களின் உவர் நீரிலும் இதன் குடம்பிகள் கண்டறியப்பட்டுள்ளன. முட்டைகள் காய்ந்த பாத்திரத்தின் சுவரில் மாதக்கணக்கில் ஒட்டிக் கிடந்து, மழை பெய்ததும் பொரிக்கும். முட்டையிலிருந்து பறக்கும் நுளம்பாக ஒரு கிழமை, பத்து நாள் போதும். பிறந்த இடத்திலிருந்து இது வெகுதூரம் பறப்பதுமில்லை. எனவே உங்களைக் கடிக்கும் நுளம்பு பெரும்பாலும் உங்கள் வளவிலோ பக்கத்து வளவிலோ பிறந்ததுதான்.

இவ்விடத்தில் வெளிநாட்டில் இருக்கும் நாம் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். நாம் அங்கே கட்டிப் பூட்டி வைத்திருக்கும் வீடுகள் வருடத்தில் 11 மாதம் ஆளில்லாமல் கிடக்கின்றன. மூடி சரியில்லாத மேல்தாங்கி, இலை அடைத்த கூரைப் பீலி, தண்ணீர் ஊற்றப்படாத மலசலகூடக் குழி, எல்லாவற்றிலும் நுளம்பு பெருகுகின்றது. அதனால் காய்ச்சல் வருவது அயல்வீட்டுப் பிள்ளைக்கு. வீட்டைப் பார்க்க ஆள் வைத்திருப்பவர்கள் கிழமைக்கு ஒருமுறை இவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள்.

பருவத்தையும் கவனியுங்கள். வடக்குக் கிழக்கில் மாரி மழையோடு, நவம்பர் முதல் ஜனவரி வரை டெங்கு உச்சத்தில் இருக்கும். நத்தார் விடுமுறைக்கும் தைப்பொங்கலுக்கும் போகிறவர்கள் அதற்குள்தான் போய் இறங்குகிறார்கள். கொழும்பிலும் மேற்கிலும் ஜூன், ஜூலை மாதங்கள் மோசம். கோடையில் போய் வெள்ளவத்தையில் சில நாள் தங்குகிறவர்களுக்கு இது பொருந்தும். 2017ஆம் ஆண்டில் இலங்கையில் 1 இலட்சத்து 86 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் டெங்கு நோயாளர் எனப் பதிவாகினர். 400க்கும் மேற்பட்டோர் இறந்தனர்.

நுளம்பு கடித்து 4 முதல் 10 நாட்களில் காய்ச்சல் தொடங்கும். திடீரென்று கடும் காய்ச்சல், நெற்றியிலும் கண்ணுக்குப் பின்னாலும் வலி, முதுகு உளைவு, மூட்டு வலி, குமட்டல் என்பன வரும். சிலருக்குத் தோல் சிவந்து தடிக்கும். தொற்று ஏற்பட்டவர்களில் பெரும்பாலானோருக்கு ஒன்றுமே தெரியாமல் அல்லது சாதாரணக் காய்ச்சலாகவே போய்விடும். ஒரு சிலருக்குத்தான் அது உயிராபத்தாகின்றது. அந்தச் சிலர் யார் என்பதை முதல் நாளில் எவராலும் சொல்ல முடியாது.

டெங்கு வைரசில் நான்கு வகைகள் உள்ளன. ஒரு வகை வந்து மாறினால் அந்த வகைக்கு எதிராக ஆயுள் முழுவதும் பாதுகாப்பு உண்டு. ஆனால் பின்னர் இன்னொரு வகை தொற்றும்போது, முன்பு உண்டான பிறபொருளெதிரிகள் அதை அழிக்கப் போதாமல், சில வேளைகளில் அது கலங்களுக்குள் நுழைய உதவியும் விடுகின்றன. எனவே இரண்டாம் தடவை வரும் டெங்கு கடுமையாக இருப்பதற்கு வாய்ப்புக் கூடுதல். ஊரில் பிறந்து வளர்ந்த பெற்றோர் பலருக்குத் தமக்கு எப்போதோ டெங்கு வந்து போனது தெரிந்திருக்காது. இங்கே பிறந்த பிள்ளைகளும் வருடாவருடம் ஊர் போய் வரும்போது முதல் தொற்றை அறியாமலே வாங்கியிருக்கலாம். "போன முறை வந்து ஒன்றும் செய்யவில்லையே" என்பது ஆறுதலாகக் கொள்ளக்கூடிய வார்த்தையன்று. முதல் தடவையே கடுமையாக வருவதும் உண்டு.

இனி முக்கியமான விடயம். டெங்கில் மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் காய்ச்சல் இறங்கும். வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. "காய்ச்சல் விட்டிட்டுது, பிள்ளை களைச்சுப் போய்ப் படுத்திருக்குது, எழுப்பாதேயுங்கோ" என்பார்கள். அந்த 24 முதல் 48 மணி நேரமே கண்டம். நுண்ணிய இரத்தக் குழாய்களின் சுவர் கசியத் தொடங்கி, குருதியின் திரவப் பகுதி வயிற்றறைக்குள்ளும் நெஞ்சறைக்குள்ளும் ஒழுகுகின்றது. மிஞ்சும் குருதி தடிக்கின்றது, இரத்த அழுத்தம் விழுகின்றது. பிள்ளை இறுதி வரை அறிவோடு பேசிக்கொண்டே அதிர்ச்சி நிலைக்குப் போகலாம்.

காய்ச்சல் இறங்கும்போது வயிற்று நோவு, ஓயாத வாந்தி, முரசிலிருந்தோ மூக்கிலிருந்தோ இரத்தம், கறுப்பு மலம், குளிர்ந்து ஈரலித்த கைகால், வழக்கமில்லாத சோர்வு அல்லது அந்தரம், ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகாமை, இவற்றில் ஒன்று கண்டாலும் விடியும் வரை காத்திராமல் வைத்தியசாலைக்குக் கொண்டு போக வேண்டும். கர்ப்பிணிகள், ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைகள், முதியவர்கள், நீரிழிவு உள்ளவர்கள் ஆகியோர் இந்த அறிகுறிகளுக்காகக் காத்திராமல், காய்ச்சல் வந்ததுமே வைத்தியரைக் காண்பது நல்லது.

இங்கிருந்து தொலைபேசியில் விசாரிக்கும் உறவினர் எல்லோரும் கேட்பது "சிறுதட்டு எத்தனை?" என்பதுதான். குருதிச் சிறுதட்டுக்களின் எண்ணிக்கை முக்கியந்தான். ஆனால் ஆளைக் கொண்டு போவது பெரும்பாலும் திரவக் கசிவு. அதைக் காட்டுவது குருதியின் தடிப்பை அளக்கும் சோதனையும், நாடித்துடிப்பும், எவ்வளவு சிறுநீர் போகின்றது என்ற கணக்கும். வைத்தியசாலையில் தாதி ஒரு தாளைத் தந்து குடித்ததையும் கழித்ததையும் எழுதச் சொன்னால் அதை அலட்சியம் செய்யாதீர்கள். அந்தத் தாளைப் பார்த்துத்தான் சேலைன் கூட்டுவதும் குறைப்பதும். அளவுக்கு மீறி ஏற்றினாலும் ஆபத்து.

டெங்கு வைரசை அழிக்கும் மருந்து இன்னும் பாவனைக்கு வரவில்லை. காய்ச்சலுக்குப் பரசிட்டமோல் மட்டுமே, அதுவும் நிறைக்கும் வயதுக்கும் ஏற்ற அளவில். வளர்ந்தவர்கள் 24 மணி நேரத்தில் 4 கிராமுக்கு மேல், அதாவது 500 மில்லிகிராம் குளிசை எட்டுக்கு மேல் எடுக்கக்கூடாது. அஸ்பிரின், இப்யூபுரூபன், டைக்ளோபினாக் ஆகியவை இரத்தக் கசிவைக் கூட்டக்கூடியவை. இங்கிருந்து போகும் பெட்டிகளில் கல்போலும் நியூரோபனும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். கல்போல் பரசிட்டமோல். நியூரோபன் இப்யூபுரூபன். ஊரில் வரும் காய்ச்சலுக்கு, டெங்கு இல்லை என்று தெரியும் வரை, நியூரோபனைத் தொடாதீர்கள். இருதய நோய்க்காக அஸ்பிரின் எடுப்பவர்கள் தாமாக நிறுத்தாமல் வைத்தியரிடம் உடனே சொல்ல வேண்டும். பப்பாசி இலைச் சாறு பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். அது உயிரைக் காக்கும் என்பதற்கு நம்பத்தக்க சான்று இல்லை. ஏற்கனவே வாந்தி எடுக்கும் பிள்ளைக்கு அந்தக் கசப்பைப் பருக்குவதை விட இளநீரோ கஞ்சித் தண்ணீரோ ஜீவனியோ கொடுப்பது மேல்.

திரும்பி வந்து இரண்டு கிழமைக்குள் காய்ச்சல் வந்தால் வைத்தியரிடம் முதல் வார்த்தையாகவே "நாங்கள் இலங்கையிலிருந்து வந்தோம்" என்று சொல்லுங்கள். சொல்லாவிட்டால் அது தடிமன் காய்ச்சலாகவே கருதப்படலாம். பிரித்தானியாவில் பரவல் இல்லாவிட்டாலும் ஐரோப்பாவில் நிலைமை மாறுகின்றது. ஈடிஸ் இனத்தின் இன்னொரு வகையான புலி நுளம்பு தெற்கு ஐரோப்பாவில் குடியேறிவிட்டது. 2022இல் பிரான்சில், நாட்டை விட்டு வெளியே போகாத 65 பேருக்கு டெங்கு கண்டறியப்பட்டது.

டெங்குத் தடுப்பூசி ஒன்று இங்கே உண்டு. முன்பு டெங்கு வந்தவர்கள், நான்கு வயதுக்கு மேற்பட்டிருந்து, டெங்கு உள்ள நாட்டுக்குப் போவதானால் போடலாம் என்பதே இந்நாட்டின் பரிந்துரை. ஒரு முறையும் டெங்கு வராதவர்களுக்கு அது பரிந்துரைக்கப்படவில்லை. ஆகவே பெரும்பாலானோருக்குக் காப்பு, நீண்ட கை உடுப்பும் டீட் கலந்த நுளம்பு விரட்டியும்தான். 50 வீதம் டீட் உள்ளதை இரண்டு மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கும் பூசலாம். வெயில் களிம்பு பூசுவதானால் முதலில் அது, பிறகு விரட்டி. காய்ச்சலாகப் படுத்திருப்பவரைப் பகலிலும் வலைக்குள் படுக்க விடுங்கள். அவரைக் கடிக்கும் நுளம்புதான் வீட்டில் அடுத்தவருக்குக் கொண்டு போகும்.

நீர்வெறுப்பு நோய்

நாம் மருத்துவ மாணவர்களாக இருந்த காலத்தில் வார்ட்டில் ஒரு நோயாளியைக் கண்டோம். வலுவான உடம்புள்ள தோட்டக்காரர். தாகம் என்று தண்ணீர் கேட்டார். தம்ளர் உதட்டருகே வந்ததும் தொண்டையும் நெஞ்சும் இழுத்து, தம்ளரைத் தட்டிவிட்டார். பின்னர் மின்விசிறிக் காற்றுப் பட்டாலே அதே இழுப்பு. இடையிடையே தெளிவாகப் பேசினார், பிள்ளைகளை விசாரித்தார். மூன்றாம் நாள் இறந்தார். இரண்டு மாதத்துக்கு முன் வீட்டு நாய்க்குட்டி விரலில் பல் பதித்ததாம். காட்டச் சொன்னபோது வடுவைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

உலகில் ஆண்டுக்கு ஏறக்குறைய 59,000 பேர் இந்நோயால் இறப்பதாக மதிப்பிடப்பட்டுள்ளது. இவற்றில் மூன்றிலொரு பங்குக்கு மேல் இந்தியாவில். இலங்கையில் 1973இல் 377 பேர் இறந்தனர். நாய்களுக்குத் தடுப்பூசி போடும் திட்டத்தாலும், கடிபட்டவர்களுக்கு இலவச ஊசி கிடைப்பதாலும் அண்மைய வருடங்களில் அது இருபது, முப்பது அளவுக்கு இறங்கியுள்ளது. இப்போது இறப்பவர்களில் பலர் ஊசி கிடைக்காதவர்கள் அல்லர், ஊசி தேவையென்று எண்ணாதவர்கள். பிரித்தானியாவிலும் இதே கதைதான். இந்நாட்டில் நாய் போன்ற தரை மிருகங்களிடமிருந்து எவருக்கும் இந்நோய் தொற்றி 100 வருடத்துக்கு மேலாகிறது. ஆனால் 2012இல் இந்தியாவில் நாய் கடித்த ஒருவரும், 2018இல் மொரொக்கோவில் பூனை கடித்த ஒருவரும், 2025இல் மொரொக்கோவில் நாய்க்குட்டி பிறாண்டிய ஒருவரும் இங்கே திரும்பி வந்த பின் இறந்தார்கள். கடைசியாகச் சொன்னவருக்குப் பிறாண்டல் பெப்ரவரியில், மரணம் ஜூனில்.

ஏன் இந்தத் தாமதம்? மிருகத்தின் எச்சில் வழியாகக் காயத்துக்குள் போகும் வைரசு இரத்தத்தில் பரவுவதில்லை. முதலில் தசையில் தங்கி, பிறகு அருகிலுள்ள நரம்புக்குள் நுழைந்து, அதன் வழியே மெல்ல மெல்ல முண்ணாணையும் மூளையையும் நோக்கி ஏறுகின்றது. பெரும்பாலும் இதற்கு ஒன்று முதல் மூன்று மாதம் எடுக்கும். மிக அரிதாக ஒரு வருடத்துக்கு மேலும் செல்லும். முகம், கழுத்து, விரல் நுனி போன்ற நரம்பு செறிந்த அல்லது மூளைக்குக் கிட்டிய இடங்களில் கடித்தால் விரைவு. சிறு பிள்ளைகளின் முகம் நாயின் வாயின் உயரத்தில் இருப்பதை நினைவில் வையுங்கள். இந்தப் பயண காலம் முழுவதும் நோயாளிக்கு ஒன்றும் தெரியாது, எந்த இரத்தச் சோதனையும் காட்டாது. மூளையை அடைந்து அறிகுறி தொடங்கிவிட்டால் இன்றைய வைத்தியத்தால் காப்பாற்ற முடிவதில்லை என்றே சொல்ல வேண்டும்.

ஆனால் இதே தாமதந்தான் எமக்குக் கிடைத்த வாய்ப்பும். வைரசு மூளையை அடையுமுன் ஊசி மூலம் உடலின் எதிர்ப்புச் சக்தியை எழுப்பிவிடலாம். 1885 ஜூலை 6ஆம் திகதி லூயி பாஸ்ரர், விசர்நாய் கடித்த யோசெப் மைஸ்டர் என்ற 9 வயதுச் சிறுவனுக்கு இதைத்தான் செய்தார். பையன் பிழைத்தான். தென்னிந்தியாவில் குன்னூரில் 1907இல் பாஸ்ரர் நிறுவனம் தொடங்கியது.

எமது பெற்றோர் தலைமுறைக்கு நாய்க்கடி ஊசி என்றால் தொப்புளைச் சுற்றி 14 ஊசி. அந்தப் பயம் இன்னும் போகவில்லை. கடிபட்டதைப் பிள்ளைகள் மறைப்பதற்கு வீட்டில் கேட்ட அந்தக் கதையும் ஒரு காரணம். மிருகங்களின் நரம்புத் திசுவிலிருந்து செய்த அந்தப் பழைய ஊசி கைவிடப்பட்டு இலங்கையிலும் இந்தியாவிலும் 20 வருடத்துக்கு மேலாகிறது. இன்றைய ஊசி மேற்கையில் போடும் சாதாரண ஊசி.

கடித்தால் முதற் காரியம் கழுவுவது. ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டு, மணிக்கூட்டைப் பார்த்து 15 நிமிடம். இந்த வைரசின் வெளிப்போர்வை கொழுப்பாலானது. சவர்க்காரம் அதைக் கரைத்துவிடும். ஆழ்ந்த காயமானால் பிள்ளை கத்தும். என்றாலும் கழுவுங்கள். பிறகு அயடீனோ வேறு தொற்றுநீக்கியோ பூசலாம். மிளகாய்த்தூள், சுண்ணாம்பு, கோப்பித்தூள், மஞ்சள் எதையும் அப்ப வேண்டாம். இறுக்கிக் கட்டவும் வேண்டாம். விஷகடி வைத்தியரிடம் பார்வை பார்க்கவும் நூல் கட்டவும் விரும்பும் பெரியவர்கள் வீட்டில் இருந்தால் அவர்களோடு வாதாடி நேரத்தைக் கழிக்காமல், ஊசி போட்டுவிட்டு வந்து அதையும் செய்யட்டும் என்று சொல்லிவிட்டுப் புறப்படுங்கள்.

அன்றைக்கே அரசாங்க வைத்தியசாலைக்குப் போக வேண்டும். இலங்கையில் இவ்வூசி அங்கே இலவசம். இரத்தம் வந்த கடி, முகத்திலோ கையிலோ கடி, காயத்திலோ வாயிலோ கண்ணிலோ எச்சில் பட்டது என்றால் தடுப்பூசியுடன் இமியூனோகுளோபுலின் என்ற இன்னொரு மருந்தும் தேவைப்படும். தடுப்பூசி வேலை செய்ய ஒரு கிழமை அளவில் எடுக்கும். அதுவரை காவல் நிற்கும் ஆயத்தப் பிறபொருளெதிரி இது. காயத்தைச் சுற்றி அந்த இடத்திலேயே ஏற்றுவார்கள். எல்லாச் சிறு வைத்தியசாலைகளிலும் இருக்காது. பெரிய வைத்தியசாலைக்கு அனுப்பினால் போக வேண்டும். ஏற்புத் தடுப்பூசியும் சேர்த்துப் போடப்படலாம்.

"வீட்டு நாய்தானே, வாயில் நுரை வரவில்லையே" என்பார்கள். நோய்க்குறி தோன்றுவதற்குச் சில நாட்களுக்கு முன்பே நாயின் எச்சிலில் வைரசு இருக்கும். எல்லா நாயும் வெறி பிடித்து ஓடுவதுமில்லை. சில ஒரு மூலையில் சுருண்டு கிடந்தே சாகும். குட்டிக்கும் வரும். பூனை, குரங்கு, கீரி, நரி எல்லாவற்றுக்கும் வரும். சிகிரியா, தம்புள்ளைப் பக்கம் போகும்போது குரங்குக்கு வாழைப்பழம் நீட்டிப் படம் எடுக்கும் பழக்கத்தை விடுவது நல்லது. கடித்த நாயைப் பிடித்துக் கட்டி 10, 14 நாள் கவனிப்பதென்பது ஊசியை இடையில் நிறுத்தலாமா என்று தீர்மானிக்கத்தான். அதற்காக முதல் ஊசியைத் தாமதிப்பதா என்பதை வைத்தியர் சொல்ல வேண்டும், பக்கத்து வீட்டார் அல்ல.

எம்மிடம் வருபவர்களில் அதிகமாகக் காண்பது இவ்வகையினரை: "மூன்று கிழமைக்கு முந்திப் பிறாண்டினது டொக்டர். விமானத்துக்கு இரண்டு நாள்தான் இருந்தது, இங்கே வந்து பார்ப்பம் என்று விட்டிட்டம். இப்ப காயமும் ஆறிப்போச்சு." அங்கேயே முதல் ஊசியைப் போட்டிருக்க வேண்டும். போடாமல் வந்துவிட்டால், எத்தனை கிழமை கழிந்திருந்தாலும், இன்றே வாருங்கள். காலம் கடந்துவிட்டதே என்று வெட்கப்பட்டு வராமல் இருப்பதுதான் ஆபத்து. கடிபட்டபின் போடும் இந்த ஊசிக்கு இங்கே கட்டணம் இல்லை. முன்பு ஊசி போடாதவர்களுக்கு வழமையாக 0, 3, 7, 21ஆம் நாட்களில் நான்கு ஊசிகள். ஊரில் தொடங்கியிருந்தால் மிகுதியை இங்கே முடிக்கலாம். அங்கே தோலுக்குள் இரண்டு இடத்தில் போட்டிருப்பார்கள், முறை வேறாக இருந்தாலும் தொடரலாம். ஊசியின் பெயரும் திகதியும் எழுதிய துண்டைக் கடவுச்சீட்டோடு வைத்துக் கொண்டு வாருங்கள். துண்டில்லாமல் வருபவர்களுக்கு என்ன போட்டார்கள் என்று கண்டறிவதிலேயே எமக்கு ஒரு நாள் போய்விடும்.

புறப்படுமுன் போடும் முற்காப்பு ஊசியும் உண்டு. மூன்று ஊசிகள், மூன்று நான்கு கிழமைக்குள். ஆகவே பயணத்துக்கு ஒரு மாதத்துக்கு மேல் இருக்கும்போதே தொடங்க வேண்டும். செங்கமாரி, நெருப்புக் காய்ச்சல் ஊசிகளைப் போல இது பயணிகளுக்கு இலவசமாகக் கிடைப்பதில்லை. தனியார் நிலையங்களில் பணம் கொடுத்துத்தான் போட வேண்டும். மூன்று பிள்ளைகள் உள்ள குடும்பத்துக்குப் பல நூறு பவுண் ஆகிவிடும். எல்லோருக்கும் கட்டாயம் என்று நாம் சொல்லமாட்டோம். கொழும்பில் ஒரு கிழமை நின்று திரும்புகிறவர்களுக்கு அவசியம் குறைவு. பிள்ளைகளோடு மாதக்கணக்கில் கிராமத்தில் நிற்கப் போகிறவர்கள் யோசிக்க வேண்டும். முற்காப்புப் போட்டவருக்குக் கடிபட்டபின் இரண்டு ஊசிகளே போதும். கிடைப்பதற்கு அரிய அந்த இமியூனோகுளோபுலின் தேவையில்லை. ஆனால் கழுவுவதும் வைத்தியசாலைக்குப் போவதும் அவர்களுக்கும் உண்டு.

பிள்ளைகளிடம் புறப்படுமுன் தெளிவாகச் சொல்லுங்கள்: தெரியாத நாயைத் தடவ வேண்டாம், கடித்தாலோ பிறாண்டினாலோ உடனே சொல்ல வேண்டும், சொன்னால் ஏச்சு விழாது. இங்கே வளரும் பிள்ளைகளுக்கு நாய் என்றால் பூங்காவில் பந்து பிடித்து வரும் தோழன். ஊரில் கட்டாக்காலியாகத் திரியும் நாய்க்கு அந்தப் பழக்கம் இல்லை. அம்மம்மா வீட்டு நாய்க்கு இந்த வருட ஊசி போட்டாயிற்றா என்று அடுத்த முறை தொலைபேசும்போது கேட்டு வையுங்கள்.

இங்கே உள்ளவர்களும் அறிய வேண்டிய ஒன்று உண்டு. பிரித்தானியாவின் வௌவால்களில் சில, நீர்வெறுப்பு வைரசுக்கு மிக நெருங்கிய ஒரு வைரசைக் காவுகின்றன. 2002இல் ஸ்கொட்லாந்தில் வௌவால்களோடு பணியாற்றிய ஒருவர் அதனால் இறந்தார். மிக அரிதுதான். தோட்டத்தில் விழுந்து கிடக்கும் வௌவாலைப் பிள்ளைகள் வெறுங்கையால் தூக்கியிருந்தால், கடித்த அடையாளம் தெரியாவிட்டாலும், கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவிவிட்டு அன்றைக்கே 111 இலக்கத்துக்கோ உங்கள் வைத்தியருக்கோ தொலைபேசுங்கள். வௌவாலின் பல் ஊசி முனை போன்றது. கடித்த இடம் கண்ணுக்குத் தெரியாமலும் இருக்கலாம்.